கத்தித் துப்பாக்கியும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள் என்று பூட்டுக்கடைக்காரர் ஓடிவந்து சொன்னபோது, நான் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். "யாரை? இவரையா?" என்று கேட்டேன். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிற மனுஷன் அவர். கடைத்தெருவில் அவருக்குப் பெயரே 'மன்னாப்பு'தான். பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். வாங்கிப் போனவர்கள் சாமான் சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தால், அவர்கள் இவ்வளவு தூரம் நடந்ததற்காக இன்னொரு சாமானையும் சும்மா கொடுத்து அனுப்புவார். இப்படிப்பட்டவரை ஆயுதக் கேஸில் பிடித்திருக்கிறார்களாம். எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அதற்கு அப்புறம் வெகுகாலம் வரவில்லை.

விஷயம் இதுதான். இடிக்கப்போகிற ஒரு பெரிய வீட்டிலிருந்து அவர் ஒரு மரப்பெட்டி வாங்கிவந்திருந்தார். அதன் அடியில், துணியில் சுற்றி, முழங்கை நீளத்துக்கு ஒரு கத்தி கிடந்தது. கத்தியின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல ஒரு இரும்புக் குழாய். கொம்பில் செய்த கைப்பிடி, அதற்கு அடியில் மடங்கிக் கிடக்கும் விசை. அதாவது கத்தியும் அதுவே, துப்பாக்கியும் அதுவே. அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் இப்படி ஒன்று வைத்திருந்தார்களாம். ஒரு தடவை சுட்டுவிட்டு மறுபடி மருந்து இடிக்கிற வரைக்கும் காட்டுப்பன்றி பொறுமையாக நிற்காது அல்லவா, அதற்காகக் கூடவே கத்தி. இப்போது அதைப் பார்த்தால் பன்றிதான் பரிதாபப்படும். அவ்வளவு துரு.

"இந்தச் சனியனைத் தூக்கி ஆத்துல போடுங்க" என்றேன்.

"அது தப்பும்மா. ஆயுதம் எது கிடைச்சாலும் கொண்டுவந்து ஒப்படைக்கணும்னு பெரிய போர்டே வச்சிருக்காங்க."

"போர்டு வச்சவன் வந்து கேட்டானா?"

"கேட்டா என்ன சொல்றது?" என்றவர், அந்தக் கத்தியை ஒரு பழைய துண்டில் சுற்றி, குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆயுத வகைப்பாட்டுத் துறை என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஓடிப் போய்ப் பார்த்தேன். நீளமான ஒரே மாடிக் கட்டடம். வலது பக்கம் முழுக்க வெட்டுகலன் பிரிவு, இடது பக்கம் முழுக்கச் சுடுகலன் பிரிவு. இரண்டையும் சேர்க்கிற நடை ஒன்று. வலது பக்கத்துக் கூட்டுகிறவர் வலது பக்கத்திலிருந்து துடைத்துக்கொண்டு வருவார். இடது பக்கத்துக்காரர் இடது பக்கத்திலிருந்து வருவார். நடுவில் ஒரு முழம் அகலத்துக்குத் தரை யாருக்கும் சொந்தமில்லை. அங்கே மட்டும் வருஷக்கணக்கான அழுக்கு ஒரு கோடாகத் திரண்டிருந்தது. அந்தக் கோட்டின் மேல் ஒரு மர பெஞ்சு. அந்த பெஞ்சில் என் வீட்டுக்காரர், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்லம்மா. வலது பக்கம் கொண்டுபோனேன். குழாய் இருக்கு, அங்க போங்கன்னாரு. இடது பக்கம் போனேன். கத்தி இருக்கு, இங்க ஏன் வந்தீங்கன்னாரு. நாலஞ்சு தடவை போயிட்டு வந்தேன். அப்புறம் ரெண்டு பேரும் வெளியில வந்து பேசினாங்க. இது என்ன ஆயுதம்னு முடிவாகிற வரைக்கும் கொண்டுவந்த ஆளை விடக் கூடாதுங்கறதுல மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே கருத்து."

"காவல் அறையில போடலையா?"

"ரெண்டு பிரிவுக்கும் தனித்தனி அறை இருக்காம். எந்த அறையில போடுறதுன்னு தெரியல. அதான் நடுவுல."

பூட்டு இல்லை, கம்பி இல்லை, காவலுக்கு ஆள்கூட இல்லை. எதிரில் வாசல் திறந்துதான் கிடந்தது. "எழுந்து வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்று கையைப் பிடித்தேன். அப்போதுதான் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு அதிகாரிகள் தலையை நீட்டினார்கள். வலது பக்கத்தவர் ஒல்லி, கண்ணாடி. இடது பக்கத்தவர் குண்டு, மீசை. நான் அவர்களுக்கு அப்போதே கத்தியார், குண்டார் என்று பேர் வைத்துவிட்டேன்.

"அம்மா, அவரை யாரும் பூட்டி வைக்கல" என்றார் கத்தியார்.

"ஆனா எழுந்து போனாருன்னா தப்பி ஓடினவர் ஆயிடுவாரு. அதுக்குத் தனியா ஜெயில் இருக்கு" என்றார் குண்டார்.

"இவரு என்ன குத்தம் பண்ணாரு?"

"கத்தின்னா ஒரு குத்தம். துப்பாக்கின்னா வேற குத்தம். எதுன்னு தெரியாம எப்படிம்மா குத்தம் சொல்றது? அநியாயமா ஒருத்தர் மேல பழி போடக் கூடாதில்ல?" என்றார் கத்தியார்.

இதைவிட நியாயமாகப் பேசி ஒரு மனுஷனின் வயிற்றில் யாராலும் அடிக்க முடியாது. நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். இரண்டு பேரும் பொறுமையாகக் கேட்டார்கள். கத்தி முடித்ததும், கூச்சல் எந்தப் பக்கத்துத் தரையில் நின்று போடப்பட்டது என்று அவர்களுக்குள் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. ராத்திரிக்கு மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். பெஞ்சில் படுக்கிற வசதி இல்லையாம். விடிந்ததும் வந்து உட்கார வேண்டும்.

முதல் சில நாள் அவர் காலையில் கிளம்பும்போது கண் கலங்கும். "சாகறதுக்குள்ள முடிவாயிடும்ல?" என்று கேட்பார். "நாசமாப் போறவங்க, நாளைக்கே விடுவாங்க" என்பேன் நான். கடையைப் பூட்டிப் போட்டிருந்தோம். என் தையல் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த மனுஷன் வீட்டுக்கு வரவேண்டும். காலையில் கடைக்குப் போய், மத்தியானம் சாப்பிட வந்து, 'மன்னிச்சுக்கம்மா, லேட் ஆயிடுச்சு' என்று சொல்லவேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

முதலில் வெட்டுகலன் பிரிவு சோதனை வைத்தது. விதிப்படி, ஒரு பொருள் கத்தி என்று சொல்லப்பட வேண்டுமானால் அது ஒரு புது ரொட்டியை இரண்டாக வெட்ட வேண்டுமாம். வெள்ளைத் துணி விரித்த மேஜை. மேஜை மேல் ரொட்டி. சுற்றிலும் பத்திருபது பேர், எல்லாரும் வேலையை விட்டுவிட்டு. கத்தியார் கையுறை போட்டுக்கொண்டு நம் கத்தியை எடுத்து அறுத்தார். ரொட்டி அமுங்கியது. இன்னும் அழுத்தி அறுத்தார். பிசைந்த மாவாகி ஒரு பக்கமாகப் போய்விட்டது.

"வெட்டல" என்றேன் நான்.

"ரொட்டி சரியில்லம்மா" என்றார் கத்தியார். "நல்ல ரொட்டியா இருந்தா வெட்டியிருக்கும்னு சொல்லவும் முடியாது, வெட்டியிருக்காதுன்னு சொல்லவும் முடியாது. முடிவைத் தள்ளி வைக்கிறேன்."

அடுத்தது சுடுகலன் பிரிவின் முறை. கட்டடத்துக்குப் பின்னால் மணல் மூட்டை அடுக்கினார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். என் காதிலும் வைத்தார்கள். குண்டு எதுவும் இல்லை, அந்தக் குழாய்க்கு ஏற்ற குண்டு இப்போது யாரும் செய்வதில்லை. ஆனாலும் விசையை அழுத்திப் பார்க்க வேண்டும் என்பது விதி. குண்டார் நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, விசையை அழுத்தினார். விசை கழன்று மணலில் விழுந்தது. நான்கு பேர் குனிந்து தேடினார்கள்.

"சுடல" என்றேன்.

குண்டார் மூச்சு வாங்க நிமிர்ந்தார். "சுடலதான். ஆனா சுடற எண்ணம் அதுல இருக்கு. எண்ணம் இருந்தா எங்களுக்குப் போதும்" என்றார். பிறகு கத்தியாரைப் பார்த்துவிட்டு, "ஆனா அதே அளவுக்கு வெட்டுற எண்ணமும் தெரியுது. அதனால நான் எடுத்துக்க மாட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

லேத்துப் பட்டறையில் வேலை செய்கிற என் தம்பிக்குத்தான் வழி தோன்றியது. "அக்கா, அதை மெஷின்ல வச்சா ஒரே நிமிஷம். குழாய் தனி, கத்தி தனி. ஆளுக்கொண்ணு குடுத்துட்டு மாமாவைக் கூட்டிட்டு வந்துடலாம்." எனக்கு இது பெரிய அறிவாகப் பட்டது. இரண்டு அதிகாரிகளிடமும் போய்ச் சொன்னேன். இரண்டு பேர் முகமும் வெளுத்துவிட்டது.

"ரெண்டா அறுத்தா ரெண்டு ஆயுதம் ஆயிடும்மா" என்றார் கத்தியார்.

"ரெண்டு ஆயுதம்னா ரெண்டு கேஸ்" என்றார் குண்டார். "இப்ப உங்க வீட்டுக்காரர் மேல கேஸே இல்ல. எதுக்கு நீங்களா இழுத்து விட்டுக்கறீங்க?"

என் வீட்டுக்காரர் பெஞ்சிலிருந்து, "அவங்க சொல்றதும் சரிதானம்மா" என்றார். அதைக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது.

அவர் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே பழகிக்கொண்டிருந்தார். அழுகை நின்றுவிட்டது. உள்ளே வருகிறவர்கள் நேராக இவரிடம்தான் வழி கேட்டார்கள். நடுவில் உட்கார்ந்திருப்பவர் ஆயிற்றே. "பரம்பரை வாளுக்கு வலது பக்கம் மூணாவது அறை. சார் இப்பத்தான் டீ குடிக்கப் போனாரு, உட்காருங்க" என்று பதவிசாகச் சொல்வார். ஒரு நாள் நான் சாப்பாட்டுத் தூக்கோடு போனபோது, "சத்தம் போடாம வா, மீட்டிங் நடக்குது" என்று என்னையே அதட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை.

அதற்குள் மேலிடத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அபூர்வ ஆயுதங்களைக் கையாளுகிற பிரிவுக்குப் புதுக் கார் தரப்போகிறார்களாம். அவ்வளவுதான். மறுநாள் காலை கத்தியார், "எவ்வளவு அழகான கத்தி! குழாய் சும்மா ஒரு அலங்காரம்" என்று சொல்லிக்கொண்டே கைப்பிடியைப் பிடித்தார். குண்டார், "அருமையான துப்பாக்கி! அந்தக் கத்தி குழாய்க்கு ஒரு தாங்கல்" என்று சொல்லிக்கொண்டே மறுமுனையைப் பிடித்தார். நடைக்கு நடுவில், அந்த அழுக்குக் கோட்டின் மேல், இரண்டு பேரும் இழுத்தார்கள். கத்தி வெட்டாது என்பதால் குண்டாருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, "சார், பார்த்து சார், ரெண்டு பேரும் பார்த்து சார்" என்று பதறிக்கொண்டிருந்தார்.

விஷயம் இயக்குநர் வரை போனது. அவர் ஒரு கூட்டுக் குழு போட்டார். குழுக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள், பாதிக்கப்பட்டவரின் மனைவி என்பதால். நீளமான மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். நரைத்த முடியை வழித்து வாரியிருந்த இயக்குநர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"நண்பர்களே, முடிவெடுக்கத் தாமதிக்கிறோம் என்று வெளியில் சொல்கிறார்கள். முடிவெடுப்பது ஒன்றும் கடினமல்ல. தெருவில் போகிற யாரும் அதைச் செய்துவிடுவார்கள். எடுக்காமல் காப்பாற்றுவதற்குத்தான் பயிற்சி வேண்டும், அனுபவம் வேண்டும், இப்படிப்பட்ட ஒரு துறை வேண்டும். நான் பணிக்கு வந்த காலத்தில் என் மேஜைக்கு வந்த ஒரு ஈட்டி இன்றும் அப்படியே பத்திரமாக இருக்கிறது. அதைக் கொண்டுவந்தவர்தான் இல்லை, காலமாகிவிட்டார். ஆனால் ஒரு நாளும் அவருக்கு அவசரப்பட்டு அநீதி செய்துவிடவில்லை என்கிற நிறைவு எனக்கு இருக்கிறது."

எல்லாரும் கை தட்டினார்கள். அந்த ஈட்டிக்காரரின் மனைவி எங்கே உட்கார்ந்து அழுதாளோ.

நான் எழுந்து, "ஐயா, அந்த ஆள் மாதிரி இவரும் போயிடுவாருன்னு பயமா இருக்கு. இவரை விட்டுடுங்க. கத்தியை நீங்களே வச்சுக்குங்க, காரையும் நீங்களே வச்சுக்குங்க" என்றேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன். அழுதுவிட்டேன்.

இயக்குநருக்கு இளகிய மனசு. உடனே ஒரு இடைக்கால உத்தரவு போட்டார். ஆயுதத்தில் பாதி கத்தி, பாதி துப்பாக்கி. கத்தியைப் பொறுத்தவரை அது ரொட்டியை வெட்டாததால் என் வீட்டுக்காரர் விடுவிக்கப்படுகிறார். துப்பாக்கியைப் பொறுத்தவரை எண்ணம் இருப்பதால் தொடர்ந்து பெஞ்சில் இருக்க வேண்டும். ஆகவே காலை நேரம் முழுக்கச் சுதந்திரமான மனிதர். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் விசாரணைக் கைதி.

அப்படியும் ஒரு குடும்பம் நடத்தினோம். காலையில் கடையைத் திறப்பார். வாடிக்கையாளரோடு பேசும்போதே கண் கடிகாரத்துக்குப் போகும். சாப்பிட்டுக் கை கழுவியதும் விறுவிறுவென்று கிளம்பிவிடுவார். மழை பெய்தாலும் போவார், காய்ச்சல் அடித்தாலும் போவார். "ஒரு நாள் போகாட்டி என்ன ஆயிடும்?" என்று கேட்டேன். "மத்தவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். மத்தவங்க என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியாரையும் குண்டாரையும்தான் சொல்லியிருப்பார்.

கடைசியில் கார் வந்துவிட்டது. ஒரு கார், இரண்டு பிரிவு. எதற்குக் கொடுத்தாலும் இன்னொன்று வருத்தப்படும். எனவே மூன்றாவதாக ஒரு பிரிவு உண்டாக்கினார்கள், கூட்டுக்கலன் பிரிவு. அதற்கென்று ஒரு தலைவர், துணைத் தலைவர், தட்டச்சர், கார் ஓட்டுநர். நடையின் நடுவிலேயே கண்ணாடிப் பெட்டி வைத்து, அதற்குள் சிவப்பு வெல்வெட் துணியில் நம் கத்தியைக் கிடத்தினார்கள். கழன்ற விசைக்குத் தனியாக ஒரு சின்னப் பெட்டி. திறப்பு விழாவுக்கு நானும் தம்பியும் போயிருந்தோம். இயக்குநர் ரிப்பன் வெட்டினார். நல்ல கத்தரிக்கோல், கேட்டு வாங்கியிருந்தார்கள்.

"இந்தத் துறை தொடங்கியபோது நாட்டில் ஆயுதங்கள் அதிகம், அதிகாரிகள் குறைவு" என்று அவர் பேசினார். "அந்தக் குறையைப் படிப்படியாக நீக்கியிருக்கிறோம். இன்று ஒரே ஒரு கத்திக்கு ஒரு பிரிவே இருக்கிறது. துருப்பிடித்த இரும்புக்கு இத்தனை மரியாதை கொடுத்த துறை உலகத்தில் வேறெங்காவது உண்டா? இந்தப் பெருமைக்கெல்லாம் காரணமாக, அந்த பெஞ்சில் பொறுமையாக அமர்ந்திருந்த நண்பரை மறக்க முடியாது. அவர் ஒரு நாளும் எங்களை ஏன் என்று கேட்டதில்லை. குடிமக்கள் எல்லாரும் இப்படி இருந்துவிட்டால் எங்கள் வேலை எவ்வளவு சுலபம்!"

என் வீட்டுக்காரருக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். கூடவே இறுதி உத்தரவையும் படித்தார்கள். ஆராய்ந்து பார்த்ததில் இந்தப் பொருள் ஆயுதமே அல்ல, வெறும் காட்சிப்பொருள், ஆகவே இவர் முழுமையாக விடுவிக்கப்படுகிறார். ஆயுதமே இல்லாததற்கு ஆயுதத் துறையில் பிரிவு எதற்கு என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். தம்பி என் கையைப் பிடித்துக் கிள்ளினான். மூடிக்கொண்டேன். கத்தியாரும் குண்டாரும் என் வீட்டுக்காரரின் கையைக் குலுக்கி, கண் கலங்கினார்கள். உண்மையாகத்தான் கலங்கினார்கள்.

வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் கடைக்குப் போனார், சாப்பிட வந்தார். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினால், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"கடைக்கா? கொஞ்சம் படுத்துட்டுப் போங்களேன்."

"கடைக்கு இல்லம்மா. நேரமாச்சே."

"எதுக்கு நேரமாச்சு? அதான் விட்டுட்டாங்கள்ல!"

"விட்டுட்டாங்க, விட்டுட்டாங்க" என்றார் அவசரமாக. "இருந்தாலும் யாராவது வந்து வழி கேட்டா? புதுப் பிரிவு எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்? பெஞ்சுல ஆள் இல்லன்னா நல்லாவா இருக்கும்?"

எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! கத்தியாரை, குண்டாரை, பேர் தெரியாத தட்டச்சரைக்கூட விட்டதில்லை. இப்போது யாரைத் திட்டுவது? அவர் காலிலிருந்த செருப்பைப் பிடுங்கி, ஒன்றன் பின் ஒன்றாக எதிர்வீட்டுக் கூரை மேல் வீசினேன். அவர் கூரையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப ஏறி எடுக்க நேரமில்ல" என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு வெயிலில் இறங்கி நடந்துவிட்டார். தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போனார்.

மனசு கேட்கவில்லை. பாழாய்ப்போன மனசு. எதிர்வீட்டு ஏணியை வாங்கி ஏறி, செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். தெருமுனையில் பிடித்துவிட்டேன். காலடியில் குனிந்து போட்டேன். மாட்டிக்கொண்டு, என் முகத்தைச் சரியாகப் பார்க்காமலே, தலையைக் கொஞ்சம் குனிந்து சொன்னார்:

"ரொம்ப நன்றிங்க, மேடம்."

அவருக்கே தெரியவில்லை என்ன சொன்னார் என்று. அவர் மணிக்கட்டைப் பிடித்தேன், இறுக்கி. திருப்பி, வீட்டுப் பக்கம் இழுத்தேன். சண்டை போடுவார், உதறுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் இழுத்தேன். உதறவில்லை. வந்துவிட்டார். எந்தப் பக்கம் இழுத்தேனோ அந்தப் பக்கம், பேசாமல், என் நடைக்குச் சரியாக நடந்து வந்தார். தெருவில் நின்றவர்கள் நான்தான் ஏதோ ஜெயித்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். என் தையல் மிஷின், தைக்க வேண்டிய சட்டைக் குவியல், அவருடைய நாற்காலி, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அவர் அறை நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"எங்கங்க உட்காரணும்?" என்று கேட்டார்.

நான் நாற்காலியைக் காட்டினேன். "உட்காருங்க" என்று நான் சொல்லும்வரை அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.